சிவப்புச் சிமிழ்: செதுக்கியதா, அச்சில் வார்த்ததா?

மலர்விழி_தூத்துக்குடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இங்கே பல நாள்களாகப் படித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதல் முறை.

அப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். 1986-இல் ஹாங்காங் துறைமுகத்தில் இறங்கியபோது அம்மாவுக்கு ஒரு சிறிய சிவப்புச் சிமிழ் வாங்கி வந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. மூடி முழுக்கப் பூவும் இலையும். உட்புறம் பளிச்சென்ற நீலம். அடிப்பகுதியும் நீலம்தான். அம்மா அதில்தான் குங்குமம் வைத்திருந்தார். அப்பா போன பிறகு அதைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். போன மாதம்தான் என்னிடம் கொடுத்தார்.

சீனாவில் மரப்பாலை அடுக்கடுக்காகப் பூசி, பிறகு அதைச் செதுக்குவார்கள் என்று படித்தேன். அப்பா வாங்கியது அப்படிப்பட்டதுதானா, அல்லது பிளாஸ்டிக் மாதிரி ஏதோ ஒன்றை அச்சில் வார்த்ததா? விற்கும் எண்ணம் இல்லை. என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஐந்து படங்கள் இணைத்திருக்கிறேன்.

சுந்தரவேல்73 எழுதியது:

நல்ல நேரத்தில் கேட்டீர்கள், சகோதரி. நானும் இதே போன்ற ஒன்றைச் சென்ற ஆண்டு வெளிநாட்டுப் பயணத்தின்போது ஒரு பழம்பொருள் கடையில் வாங்கினேன். ‘மிங் காலத்து வேலை’, அதாவது சீனாவை மிங் அரச வம்சம் ஆண்ட காலத்தில், அறுநூறு ஆண்டுகளுக்கு முன் செய்தது என்று கடைக்காரர் சொன்னார். கொடுத்த விலையை இங்கே எழுத மனம் வரவில்லை. நானும் படம் போடுகிறேன். தெரிந்தவர்கள் இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள்.

பழமைதேடி எழுதியது:

இருவருக்கும் வணக்கம். பழம்பொருள் பாதுகாப்புப் பணியில் சில காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன், நீங்களே பாருங்கள். நகை பார்க்கும் லென்ஸ், பத்து மடங்கு பெரிதாக்குவது, போதும்.

முதலில், அது எப்படி உருவாகிறது என்று தெரிந்தால்தான் கண்ணுக்கு எதுவும் பிடிபடும். சீனாவில் ஒரு மரம் இருக்கிறது. அதன் பட்டையைக் கீறினால் வெண்மையான பால் வடியும், காற்றுப் பட்டதும் பழுப்பாகி, பிறகு கறுத்துவிடும். அந்தப் பாலை வடிகட்டி, நீர்ப்பதம் குறைத்து, நிறம் சேர்த்து, மரத்தாலோ உலோகத்தாலோ ஆன உருவின் மேல் மெல்லிய பூச்சாகப் பூசுவார்கள். ஒரு பூச்சின் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். அது இறுகிய பிறகே அடுத்த பூச்சு. ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. நல்ல ஆழத்தில் பூ செதுக்க வேண்டுமானால் நூறு, இருநூறு பூச்சுகள் வேண்டும். பூசி முடிக்கவே மாதங்கள் ஓடிவிடும். அதன் பிறகுதான் உளி தொடும்.

இந்தப் பால் வெயிலில் உலர்வதில்லை. இதைப் பலரும் நம்ப மறுப்பார்கள். நம் வீட்டுக் கதவுக்கு அடிக்கும் பெயிண்ட் மழைக்காலத்தில் காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும் அல்லவா? இதுவோ ஈரமான காற்றில்தான் இறுகும். பாலில் உள்ள ஒரு நொதி, ஈரப்பதமும் பிராணவாயுவும் கிடைத்தால் மூலக்கூறுகளை ஒன்றோடு ஒன்று பிணைத்துவிடுகிறது. அதனால் பூசிய பொருளை ஈரம் நிறைந்த அறையில் அடைத்து வைப்பார்கள். அப்படி இறுகியது தண்ணீருக்கும் அமிலத்துக்கும் அசையாது. சீனாவின் சாங்ஷா நகரில் 1970-களின் தொடக்கத்தில் தோண்டிய மாவாங்துயி கல்லறைகளில் கிடைத்த, இந்தப் பால் பூசி மெருகேற்றிய கிண்ணங்களும் தட்டுகளும் 2,100 ஆண்டுகள் மண்ணுக்கடியில் இருந்தும் பளபளப்பு மாறாமல் வெளிவந்தன.

இனி, பார்க்க வேண்டிய இடங்கள். விளிம்பில் எங்காவது சிறு உடைசல் இருந்தால் அங்கே லென்ஸை வையுங்கள். பூச்சுப் பூச்சாக ஏற்றியதென்றால் புத்தகத் தாள்களின் ஓரம் போல மெல்லிய வரிகள் தெரியும். வார்த்ததென்றால் ஒரே கட்டியாக, சில வேளை நுண்ணிய காற்றுக் குமிழிகளோடு இருக்கும். அடுத்து, திரும்பத் திரும்ப வரும் பின்னணிக் கட்டங்களைப் பாருங்கள். கையால் வெட்டிய கட்டங்களில் ஒன்று போல இன்னொன்று இருக்காது. ஊசியைச் சூடாக்கிக் குத்திப் பார்க்கச் சொல்லிச் சிலர் எழுதுவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். எதுவாக இருந்தாலும் அதில் ஒரு துளை விழுந்துவிடும்.

முந்திரிக்காடு எழுதியது:

ஐயா, அந்த மரம் எந்தக் குடும்பம்? பால் வடிவது, காற்றில் கறுப்பது என்றெல்லாம் படித்ததும் எனக்கு எங்கள் ஊர்தான் நினைவுக்கு வந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஓட்டு எண்ணெய் பட்டுத் தோல் வெந்து, கறை ஏறி, கழுவினாலும் போகாது.

பழமைதேடி எழுதியது:

சரியாகப் பிடித்துவிட்டீர்கள், தம்பி. அதே குடும்பம்தான். மா, முந்திரி, சேராங்கொட்டை, சீனத்து மெருகு மரம் எல்லாம் பங்காளிகள். மாங்காய்க் காம்பை ஒடித்ததும் தெறிக்கும் பால் வாயோரத்தைப் புண்ணாக்குவதும், சேராங்கொட்டைச் சாறு உடம்பை வீங்க வைப்பதும், மெருகுப்பால் பட்ட இடம் கொப்பளிப்பதும் ஒரே வகைச் சேர்மங்களின் வேலை. சலவைத் தொழிலாளர்கள் சேராங்கொட்டையால் துணியில் இட்ட குறி எத்தனை வெளுத்தாலும் போகாது என்பது நமக்குத் தெரியும். அந்த அழியாத் தன்மையைத்தான் சீனர்கள் ஒரு கலையாக வளர்த்தார்கள்.

பாலெடுப்பவர்கள், பூசுபவர்கள் எல்லாரும் தொடக்கத்தில் அரிப்பாலும் வீக்கத்தாலும் துன்பப்பட்டே பழகுகிறார்கள். ‘நூறு லி நடை, ஆயிரம் கீறல், ஒரு ச்சின் பால்’ என்று அங்கே ஒரு வழக்கு உண்டு. லி என்பது தூரத்தின் அளவு, சுமார் அரைக் கிலோமீட்டர். ச்சின் என்பது இன்றைய கணக்கில் அரைக் கிலோ. இறுகிய பிறகு அந்தப் பால் பொதுவாக யாரையும் எதுவும் செய்யாது.

சொல்நாடி எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னியுங்கள். தமிழில் இதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ‘அரக்கு’ என்றே எழுதுகிறார்கள். அது சரியா?

நம் அரக்கு பூச்சியிடமிருந்து வருகிறது. மரக்கிளையில் மொய்க்கும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின் அது. சூடு காட்டினால் இளகும். அதனால்தான் உறைக்கு முத்திரை வைக்க முடிகிறது, அதனால்தான் பாரதத்தில் அரக்கு மாளிகை பற்றி எரிந்தது. சன்னபட்டணத்துப் பொம்மைக்கு நிறமேற்றுவதும் அதுதான்: கடைசலில் சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசும் சூட்டில் இளகிப் படியும். சீனத்து மரப்பாலோ இறுகிவிட்டால் எந்தச் சூட்டுக்கும் இளகாது. இரண்டும் வேறு வேறு பொருள்கள்.

குழப்பத்தின் வேர் ஐரோப்பியரிடம் இருக்கிறது. இந்திய அரக்கைக் குறிக்கும் ‘லாக்ஷா’, ‘லாக்’ என்ற சொல்லைப் போர்ச்சுக்கீசியர் எடுத்துக்கொண்டு போய், சீனத்திலும் ஜப்பானிலும் பார்த்த பளபளப்பான பொருளுக்கும் அதையே சூட்டினார்கள். அதை நாம் மறுபடி ‘அரக்கு’ என்று தமிழாக்கினால், நம் சொல் உலகைச் சுற்றிவிட்டுத் தவறான பொருளோடு வீடு திரும்புகிறது. ‘லாக்கர்’ என்று ஒலிபெயர்த்தாலோ எல்லாரும் வங்கியில் நகை வைக்கும் பெட்டகத்தை நினைப்பார்கள். என் பரிந்துரை ‘மரமெருகு’. செதுக்கியதைச் ‘செதுக்கு மெருகு’ எனலாம்.

தச்சன்மகன் எழுதியது:

செட்டிநாட்டு வீடுகளில் பர்மாவிலிருந்து வந்த மரவைப் பாத்திரங்கள் இருக்குமே, அவை எதில் சேரும்? என் பாட்டி ‘அரக்கு மரவை’ என்றுதான் சொல்வார்.

பழமைதேடி எழுதியது:

பர்மாவிலும் மரப்பால்தான், ஆனால் வேறு மரம். ‘திட்சி’ என்பார்கள். அதுவும் இதே முந்திரிக் குடும்பம். பாட்டி சொன்னது பேச்சு வழக்கு, அதில் குற்றம் காண முடியாது. எழுதும்போது நாம் பிரித்து எழுதுவோம். மரமெருகு நல்ல சொல்லாகவே படுகிறது. நான் பயன்படுத்தத் தொடங்கிவிட்டேன்.

மட்டுறுத்துநர் எழுதியது:

சொல்லாராய்ச்சியைத் தொடர விரும்பும் நண்பர்கள் மொழிப் பகுதியில் தனி இழை தொடங்கலாம். இங்கே சிமிழைப் பற்றிப் பேசுவோம்.

தச்சன்மகன் எழுதியது:

ஒரு வேலைக்காரனாக எனக்கு ஒரு கேள்வி. கள்ளக்குறிச்சிப் பக்கம் மரச் சிற்பம் செய்கிறோம். மரத்தில் உளி பிசகினால் கொஞ்சம் கீழே இறங்கிச் சரிசெய்துவிடலாம், ஒரு முக உயரத்தையே குறைத்துக்கொள்ளலாம். மரம் கனமாக இருக்கிறது, இடம் கொடுக்கும். இந்த மெருகிலோ மொத்தக் கனமே சில மில்லிமீட்டர். அதற்குள் இதழ், அதன் மேல் இன்னொரு இதழ், கீழே பின்னணிக் கட்டம். தவறினால் என்ன செய்வார்கள்? கல் போல இறுகியதை எப்படி வெட்டுகிறார்கள்?

பழமைதேடி எழுதியது:

முழுக்க இறுகிய பிறகு வெட்டினால் சில்லுச் சில்லாகத் தெறித்துவிடும். அதனால் துங் என்ற மரத்தின் கொட்டையிலிருந்து எடுத்துக் காய்ச்சிய எண்ணெயைப் பாலில் சேர்ப்பார்கள். இறுகுவது தாமதமாகும். தோல் போன்ற பதம் இருக்கும்போதே செதுக்கி முடித்துவிட வேண்டும். பிறகு மாதக்கணக்கில் இறுக விட்டுத்தான் மெருகேற்றுவார்கள்.

தவறினால் ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். வெட்டிய ஓரிடத்தை நிரப்ப மறுபடி நூறு நாள் பூச வேண்டும், பூசினாலும் ஒட்டு தெரியும். பல நிற வேலையில் நெருக்கடி இன்னும் அதிகம். அடியில் இத்தனை பூச்சு மஞ்சள், அதன் மேல் இத்தனை பச்சை, மேலே சிவப்பு என்று கணக்காக ஏற்றியிருப்பார்கள். இலைக்கு வெட்டும்போது பச்சை தொடங்கும் ஆழத்தில் கை நிற்க வேண்டும். ஒரு முடியளவு கூடுதலாக இறங்கினால் இலை மஞ்சளாகிவிடும்.

நிறங்களும் சிலவே. பாலே பழுப்பு என்பதால் வெள்ளையோ வெளிர் நீலமோ அதில் எடுபடாது. சிவப்புக்குச் சாதிலிங்கம், பாதரசமும் கந்தகமும் சேர்ந்த தாது. மஞ்சளுக்கு அரிதாரம். அரிதாரத்தோடு அவுரி நீலம் சேர்த்தால் பச்சை. நம் சித்த மருத்துவர்களும் கூத்துக் கலைஞர்களும் அறிந்த சரக்குகள்தான் எல்லாம்.

செதுக்கு மெருகில் எனக்கு மிகவும் பிடித்தது பூ வேலையோ மனித உருவமோ இல்லாத வகை. சீனத்தில் ‘தி-ஷி’ என்பார்கள். சிவப்பையும் கறுப்பையும் மாற்றி மாற்றிப் பூசி ஏற்றிவிட்டு, மேகச் சுருள்களைச் சரிவாக வெட்டுவார்கள். வெட்டின் சுவரில் கறுப்பு, சிவப்பு, கறுப்பு என்று இழை இழையாகக் கோடுகள் ஓடும். யாரும் தீட்டிய கோடுகள் அல்ல அவை. பூசிய நாள்களே அங்கே கோடுகளாகத் தெரிகின்றன. சாதிலிங்கச் சிவப்பை மட்டுமே ஏற்றிச் செதுக்குவதற்குத் ‘தி-ஹோங்’ என்று பெயர். மலர்விழி அம்மாவின் சிமிழும் சுந்தரவேல் அவர்களுடையதும் அந்தத் தோற்றத்தில் இருப்பவை.

லண்டன்_வல்வையான் எழுதியது:

நண்பர்களே, இந்த இழையைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கே போய்விட்டேன். அங்கே மிங் பேரரசர் சுவாந்தே காலத்து மேசை ஒன்று இருக்கிறது. 1426-க்கும் 1435-க்கும் இடைப்பட்டது. மூன்று இழுப்பறைகள் கொண்டது. அந்தக் காலத்து அரசுப் பட்டறையிலிருந்து செதுக்கு மெருகுத் தளவாடமாக எஞ்சியிருப்பது இது ஒன்றுதான் என்று சொல்கிறார்கள்.

கால் மணி நேரம் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன். மேற்பலகையில் டிராகனும் ஃபீனிக்ஸும், சுற்றிலும் பூக்கள். சிவப்பு என்று சொல்லிவிடுகிறோம், நேரில் அது குங்குமச் சிவப்பு அல்ல. பழுத்த மிளகாய் வற்றலின் நிறத்துக்குப் பக்கத்தில் வருகிறது. இதழ்களின் ஓரம் எங்குமே கூராக இல்லை. ஆற்றில் உருண்ட கல் போல வழவழப்பு. குனிந்து பக்கவாட்டில் பார்த்தால்தான் எவ்வளவு ஆழத்துக்கு வெட்டியிருக்கிறார்கள் என்று தெரிகிறது.

டிராகனின் நகங்களை எண்ணினேன். ஐந்து நகம் பேரரசருக்கு உரியது. இந்த மேசையில் ஒவ்வொரு பாதத்திலும் ஐந்தாவது நகத்தைப் பின்னால் யாரோ வெட்டி நீக்கியிருக்கிறார்கள். அரண்மனையை விட்டு வெளியே போனபோது, வைத்திருப்பவருக்கு ஆபத்து வராமலிருக்க அப்படிச் செய்திருக்கலாம். தச்சன்மகன் தம்பி கேட்டது நினைவுக்கு வந்தது. அந்த இடம் இன்றைக்கும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

பழமைதேடி எழுதியது:

வல்வையான் அண்ணா, கொடுத்து வைத்தவர் நீங்கள். அந்த வழவழப்புத்தான் மிங் முற்காலத்தின் அடையாளம். ‘உளியின் முனை மறைந்திருக்க வேண்டும், ஆனாலும் உரு தெளிவாக வேண்டும், எழும்பிய இடம் உருண்டு வழுவழுப்பாக வேண்டும்’ என்ற பொருளில் ஹுவாங் ச்செங் என்ற மெருகுக் கலைஞர் எழுதிவைத்திருக்கிறார். மிங் காலத்தில் அவர் எழுதிய ‘ஷியூஷி லூ’ என்ற நூல்தான் இந்தக் கலைக்குச் சீனாவில் எஞ்சியிருக்கும் பழைய இலக்கணம். 1625-இல் யாங் மிங் என்ற இன்னொரு கலைஞர் அதற்கு உரை எழுதினார். பிறகு சீனாவிலேயே அந்த நூல் காணாமல் போயிற்று. ஜப்பானில் ஏட்டுப் பிரதியாகத் தப்பியிருந்ததை வைத்து 1927-இல்தான் சீனாவில் அச்சிட்டார்கள். நம் ஏடுகளின் கதையைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அந்த நூல் இந்தக் கலையை, மிங்குக்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய தாங் அரச வம்சத்தின் காலம் வரை கொண்டுபோகிறது. அதற்கு ஒரு சாட்சியும் கிடைத்தது. மத்திய ஆசியாவில் மீரான் என்ற இடிந்த கோட்டையில் தொல்லியலாளர் ஆரல் ஸ்டைன் தோண்டி எடுத்த தோல் கவசத் துண்டுகளில், சிவப்பும் கறுப்புமாகப் பல பூச்சுகள் பூசி, மேற்பூச்சைச் சுரண்டி உருவம் எடுத்திருக்கிறார்கள். எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பெயர் தெரிந்த பெருங்கலைஞர்கள் என்றால் மிங்குக்கு முந்தைய யுவான் வம்சக் காலத்து ஜாங் ச்செங்கும் யாங் மாவும். இருவரும் ச்சஜியாங் மாநிலத்தின் ஷிதாங் ஊர்க்காரர்கள். தட்டின் அடியில் ஊசியால் மெலிதாகப் பெயர் கீறிவைப்பார்கள். ஜப்பானில் இந்த வேலையை வழிவழியாகச் செய்துவந்த ஒரு குடும்பம் ‘யோஸெய்’ என்ற பட்டப்பெயர் வைத்துக்கொண்டது. யாங் மாவின் ‘யாங்’, ஜாங் ச்செங்கின் ‘ச்செங்’ இரண்டையும் சேர்த்து ஜப்பானிய உச்சரிப்பில் சொன்னால் அந்தப் பெயர் வரும். கடல் கடந்த இரண்டு ஆசான்களின் பெயரையே பட்டமாக ஏற்றிருக்கிறார்கள்.

ஜப்பானோடு இன்னொரு தொடர்பும் உண்டு. மிங் பேரரசர் யோங்லே 1403-இல் ஜப்பானிய ஆட்சியாளருக்கு 58 செதுக்கு மெருகுப் பொருள்களைப் பரிசாக அனுப்பினார். பட்டியல் இருக்கிறது. அவர் அரியணை ஏறியது 1402-இல். ஓராண்டுக்குள் 58 உருப்படிகளைப் பூசி, இறுக்கி, செதுக்கி முடித்திருக்க முடியுமா? முடியாது. அதனால் அவற்றில் பெரும்பாலானவை முந்தைய ஆட்சியிலேயே செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பேரரசரின் பெயர் பொறித்த பொருள்களிலும் வினோதம் உண்டு. யோங்லே காலத்துப் பெயர் ஊசியால் மெல்லியதாகக் கீறியது. பின்னர் வந்த சுவாந்தே காலத்துப் பெயர் கத்தியால் வெட்டிப் பொன் நிரப்பியது. சில தட்டுகளில் பொன்னெழுத்துக்கு அடியில் பழைய ஊசிக் கீறல் மங்கலாகத் தெரிகிறது. பழைய சரக்கைப் புதிய ஆட்சி தன்னுடையதாக்கிக்கொண்டிருக்கிறது.

முந்திரிக்காடு எழுதியது:

மிங் காலத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று, ஐயா?

பழமைதேடி எழுதியது:

சுருக்கமாகச் சொல்கிறேன். ச்சிங் ஆட்சியின் தொடக்கத்தில் அரண்மனையில் இந்த வேலை நின்றுபோயிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் பேரரசர் ச்சியன்லோங் இதன் மேல் பெரும் ஆசை கொண்டு, தந்தம் செதுக்குபவர்களை வைத்துத் தொடங்கி, பிறகு சூச்சோ நகரத்துப் பட்டறைகளுக்கு ஆணைகள் அனுப்பினார். சிம்மாசனத்தையே செதுக்கு மெருகில் செய்தார்கள். அப்படி ஒன்று வல்வையான் அண்ணா போன அதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் தந்தத்தில் பழகிய கையின் கூர்மை அந்தக் கால வேலைகளில் தெரியும். நுணுக்கம் வியக்க வைக்கும். ஆற்றுக்கல் வழவழப்பு போய்விட்டது. எது உயர்வு என்று கேட்டால் தயங்காமல் மிங் முற்காலம் என்பேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நலிந்து, அந்த நூற்றாண்டின் இறுதியையொட்டிப் பீக்கிங்கில், அதாவது இன்றைய பெய்ஜிங்கில், மீண்டும் தலையெடுத்தது. 2006-இல் சீன அரசு பீக்கிங் செதுக்கு மெருகைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

சொல்நாடி எழுதியது:

மட்டுறுத்துநர் பொறுத்துக்கொள்ள வேண்டும், இது சிமிழுக்கு மிகவும் தூரமில்லை. ஐரோப்பிய ஏலக் கடைகளில் ‘கொரமாண்டல்’ திரைகள் என்று ஒன்று விற்கிறார்கள். பன்னிரண்டு மடிப்புகள் வரை கொண்ட கறுப்பு மெருகுத் திரைகள். கொரமாண்டல் என்பது நம் சோழமண்டலக் கரைதானே? அப்படியென்றால் அவற்றைச் செய்தது இங்கேயா?

பழமைதேடி எழுதியது:

செய்தது சீனாவில். பெயர் மட்டும் நம்முடையது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பியக் கம்பெனிகளின் கப்பல்கள் சீனச் சரக்கை நம் கரையோரத் துறைமுகங்களில் இறக்கி ஏற்றி அனுப்பின. வாங்கியவர்கள் இடையில் நின்ற துறையின் பெயரையே சரக்குக்கு வைத்துவிட்டார்கள். அதே திரைகளை இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ஜாவாத் தீவின் பாந்தம் துறைமுகத்தின் பெயராலும் அழைத்தார்கள்.

அவை செதுக்கு மெருகு அல்ல. அங்கே மெருகு மெல்லியது, அதன் அடியில் கனமான மாவுப் பூச்சு. மெருகை வெட்டி மாவு வரை இறங்கி, குழிந்த இடத்தில் வண்ணம் நிரப்புவார்கள். பெரும்பாலும் உயர் அதிகாரிகளின் பிறந்தநாளுக்குப் பரிசாகச் செய்தவை. ஐரோப்பியத் தச்சர்கள் அந்தத் திரைகளை அறுத்துத் தங்கள் அலமாரிகளுக்கு ஒட்டுப்பலகையாகப் போட்டார்கள். மாளிகைக் காட்சியில் பாதி அலமாரியின் கதவில் தலைகீழாக இருப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

சுந்தரவேல்73 எழுதியது:

லென்ஸ் வாங்கிப் பார்த்துவிட்டேன். பக்கவாட்டில், மேலிருந்து கீழாக, பூவின் மேலும் இலையின் மேலும் தயங்காமல் ஒரு மெல்லிய வரம்பு ஓடுகிறது. அதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலும் ஒன்று. பின்னணிக் கட்டங்களை எண்ணிப் பார்த்தேன். வலப்பக்கம் மூன்றாவது கட்டத்தில் ஒரு சிறு மரு இருக்கிறது. மூடியை நேர்பாதியாகத் திருப்பினால் அதே இடத்தில் அதே மரு. ஒரே அச்சை இரண்டு முறை பதித்திருக்கிறார்கள்.

மிங் காலமாவது ஒன்றாவது. ஏமாந்துவிட்டேன். பணம் போனதைவிட, ஓராண்டாக வீட்டுக்கு வருபவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி அறுநூறு ஆண்டுக் கதை சொல்லிக்கொண்டிருந்தேனே, அதுதான் தூங்க விடவில்லை.

பழமைதேடி எழுதியது:

வருந்துகிறேன், ஐயா. அந்த வரம்பு அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம். பிசினில் சிவப்பு நிறம் கலந்து வார்த்தது. சந்தையில் ‘சாதிலிங்கச் சிமிழ்’ என்று விற்பவற்றில் ஏராளமானவை இப்படித்தான், பலவற்றில் சாதிலிங்கமே இருக்காது. உங்கள் கண்ணில் குறையில்லை. மருவைக் கண்டுபிடித்த கண் நல்ல கண். வாங்குவதற்கு முன்னால் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று.

கடையில் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால், அதில் காலம் குறிப்பிட்டிருந்தால், கடைக்காரருக்கு எழுதிக் கேளுங்கள்.

மலர்விழி_தூத்துக்குடி எழுதியது:

சுந்தரவேல் அண்ணா எழுதியதைப் படித்ததும் எனக்குப் பார்க்கவே பயமாகிவிட்டது. இரண்டு நாள் லென்ஸைத் தொடவில்லை. இன்று காலை ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன்.

மூடியின் உள்விளிம்பில் அரிசி நுனி அளவு ஓர் உடைசல் இருக்கிறது. அதில் வரிகள் தெரிகின்றன. ஒன்றின் மேல் ஒன்றாக. முதலில் என் கண் மயக்கமோ என்று நினைத்து என் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ‘அம்மா, சப்போட்டா மரத்தில் வெட்டின கிளை மாதிரி வளையம் வளையமாக இருக்கிறது’ என்றாள். பக்கங்களில் எங்கும் ஒட்டு வரம்பு இல்லை. பின்னணிக் கட்டங்கள் ஒரு பக்கம் சதுரமாக இருக்கின்றன, இன்னொரு பக்கம் கொஞ்சம் சாய்ந்துபோகின்றன. சில கட்டங்களின் மூலையில் கோடு எல்லையைத் தாண்டி ஒரு மயிரிழை நீண்டிருக்கிறது.

இன்னொரு கேள்வி. சாதிலிங்கத்தில் பாதரசம் இருக்கிறதே. அம்மா இத்தனை ஆண்டுகள் அதில் குங்குமம் வைத்து எடுத்தார். ஏதாவது கெடுதல் உண்டா?

பழமைதேடி எழுதியது:

அம்மா, உங்கள் அப்பா வாங்கியது கையால் செதுக்கியது.

உட்புற நீலம் எனாமல். செம்பு அல்லது பித்தளை உடலின் உள்ளும் அடியிலும் நீல எனாமல் பூசி, வெளியே மெருகு ஏற்றிச் செதுக்குவது இருபதாம் நூற்றாண்டுப் பீக்கிங் பட்டறைகளின் வழக்கம். ஏற்றுமதிக்காக நிறையச் செய்தார்கள். அரண்மனைப் பொருள் அல்ல, பூச்சின் எண்ணிக்கையும் குறைவாகவே இருக்கும். ஆனால் ஒரு மனிதர் உட்கார்ந்து உளி பிடித்த பொருள். எல்லையைத் தாண்டிய அந்த மயிரிழைகள் உளி நின்ற இடங்கள். அச்சுக்கு அந்தத் தடுமாற்றம் தெரியாது.

பாதரசம் பற்றிக் கவலை வேண்டாம். சாதிலிங்கத்தில் அது கந்தகத்தோடு இறுகப் பிணைந்திருக்கிறது, நீரில் கரையாது. அதுவும் மெருகுக்குள் புதைந்திருக்கிறது. குங்குமம் இருந்தது எனாமலின் மேல்தான். சூடாக்கக் கூடாது, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. அவ்வளவே.

வெயில் நேராகப் படும் இடத்தில் வைக்காதீர்கள். வெளிச்சம்தான் மெருகுக்கு முதல் எதிரி, பளபளப்பு செத்து வெளிறிவிடும். ஏசி அறையின் வறண்ட காற்றும் ஆகாது, விரிசல் விடும். தூத்துக்குடியின் கடற்காற்று ஈரம் இதற்கு நல்லதுதான். செதுக்கலுக்குள் குங்குமம் படிந்திருப்பது படத்தில் தெரிகிறது. வேண்டுமானால் மிருதுவான உலர்ந்த தூரிகையால் மெல்லத் தட்டி எடுக்கலாம். எண்ணெய் தடவிப் பளபளப்பாக்க நினைக்காதீர்கள்.

தச்சன்மகன் எழுதியது:

அக்கா, மூடியின் நடுப்பூவைச் சாய்வான வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் போட முடியுமா? இதழின் அடிப்பக்கத்தை எப்படிக் குடைந்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

மலர்விழி_தூத்துக்குடி எழுதியது:

போட்டிருக்கிறேன், தம்பி. அந்தப் படத்திலேயே இடப்பக்கம் கீழே இருக்கும் இலையைப் பாருங்கள். மற்ற எல்லா இலைகளிலும் நடு நரம்பின் இருபுறமும் மும்மூன்று கிளை நரம்புகள். அந்த ஒன்றில் மட்டும் ஒருபுறம் நான்கு. நான்காவது கொஞ்சம் ஆழமாக, இலையின் ஓரம் வரை போய்விட்டது. உளி வழுக்கியதை அவர் நரம்பாக்கிவிட்டாரோ?

குங்குமத்தைத் தட்டி எடுக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

தச்சன்மகன் எழுதியது:

வழுக்கியதுதான், அக்கா. கிளை நரம்பு தொடங்கும் இடத்தில் மெலிதாக இருந்து, நடுவில் திடீரென்று அகலமாகிறது பாருங்கள். அங்கேதான் கை தவறியிருக்கிறது. அதன் பிறகு ஓரம் வரை போனது அவராக இழுத்தது. அப்பாவிடமும் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த ஓர் இலையையே வெகுநேரம் பார்த்தார்.

மூடியின் மறுபக்கத்து இலைகளையும் படமெடுத்துப் போடுங்கள். அப்பா கேட்கிறார்.